லிமிடெட் போட்டால் வீடு தப்பிக்குமா?

கேள்வியின் சாரம்: அவிநாசிப் பக்கம் குழந்தைகள் உடுப்பு தைக்கும் பனியன் யூனிட் தொடங்கப் போகிறார்கள். பங்குதாரர்கள் கேட்பவரும் அவருடைய அத்தை மகனும். இருவரும் சேர்ந்து 15 லட்சம் போடுகிறார்கள், மாமனார் 10 லட்சம் கைமாத்தாகத் தருகிறார். முதல் வருஷம் பிறர் துணியைக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க், பிறகு சொந்த ஏற்றுமதி. "லிமிடெட் கம்பெனி போட்டால் கடன் முட்டினாலும் வீடும் தோட்டமும் தப்பிக்கும்" என்று ஊரில் சொல்கிறார்களாம். அது உண்மையா, எப்படிப் பதிவு செய்வது என்று கேட்கிறார்.

பாதி உண்மை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். நூல் மில்லுக்கோ டையிங்காரருக்கோ கம்பெனி பாக்கி வைத்தால் பாக்கிக்காரர் கம்பெனிதான். நீங்கள் போட்ட பங்குப் பணம் போகலாம், அதற்கு மேல் உங்கள் சொத்தைத் தொட முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பை உடைப்பவர் பெரும்பாலும் கடன் கொடுத்தவர் இல்லை, கையெழுத்துப் போடும் டைரக்டரே.

முதல் ஓட்டை வங்கி. புதுக் கம்பெனிக்கு மெஷின் லோனோ ஓவர்டிராஃப்டோ கொடுக்கும்போது டைரக்டர்களின் தனிப்பட்ட ஜாமீனை வங்கி கேட்கும். அதில் கையெழுத்திட்டால் அந்தக் கடன் அளவுக்கு நீங்களும் கடனாளிதான். வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்தால் லிமிடெட் என்ற சொல்லுக்கு அந்த வங்கியிடம் பொருளே இல்லை. எனவே பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும் முன் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்தில் கேளுங்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு அடமானம் இல்லாத கடனுக்கு அந்த அறக்கட்டளை வங்கிக்கு உத்தரவாதம் தருகிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 10 கோடி. அதில் டைரக்டர் ஜாமீன் கேட்கலாம். மாமனார் போன்ற மூன்றாம் ஆளின் ஜாமீனும் நிலப் பத்திரமும் கேட்கக் கூடாது. இதற்கு உத்யம் என்ற சிறு, குறு தொழில் பதிவு கம்பெனி பெயரில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை செக்யூரிட்டி செக். நூல் கடனுக்கு வாங்கும்போது "உங்க சொந்தச் செக் ஒண்ணு கொடுத்து வையுங்க" என்பது இங்கே சர்வ சாதாரணம். கொடுக்காதீர்கள், கம்பெனிச் செக் மட்டும் கொடுங்கள். கம்பெனிச் செக்கே திரும்பினாலும் கையெழுத்துப் போட்டவர் மேலும், கம்பெனி நடப்புக்குப் பொறுப்பான டைரக்டர் மேலும் கிரிமினல் வழக்கு வரும். சொந்தச் செக் என்றால் வழக்கோடு கடனும் உங்கள் தலையில்தான்.

மூன்றாவது, அரசாங்கப் பாக்கி. பிரைவேட் லிமிடெட் கம்பெனியிடமிருந்து ஜிஎஸ்டியோ வருமான வரியோ வசூலாகவில்லை என்றால் அந்தக் காலத்து டைரக்டர்களிடம் வசூலிக்கலாம். தன் கவனக்குறைவால் அது நேரவில்லை என்று டைரக்டர்தான் நிரூபிக்க வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பணத்தைக் கட்டாமல் சுழற்சிக்கு விடுவது இவை எல்லாவற்றையும்விட மோசம்.

இத்தனைக்குப் பிறகும் லிமிடெட் போட வேண்டுமா என்றால், ஜாப் ஒர்க் மட்டும் செய்வதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கட்டிங்கும் தையலும் கூலிக்குச் செய்பவருக்குத் துணி பிறருடையது, கடனும் குறைவு. பதிவு செய்த கூட்டு நிறுவனம் போதும். பொறுப்பு வரம்பில்லாதது என்றாலும் வருஷ வியாபாரத் தொகையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி முடிக்கும் எளிய வருமான வரி முறை அதற்கு உண்டு. கம்பெனிக்கும், எல்எல்பி எனப்படும் வரம்புள்ள பொறுப்புக் கூட்டு நிறுவனத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் ஒரு வருஷத்தில் சொந்த நூல், சொந்த ஆர்டர் என்று போகிறீர்கள். சரக்கு வாங்கும் பையர் வேண்டாம் என்று திருப்பினாலோ பெரிய தொகையை நஷ்டஈடாகக் கிளெய்ம் போட்டாலோ அடி பலமாக விழும் தொழில் அது. அதற்கு வரம்புள்ள பொறுப்பு வேண்டும்.

அப்படியானால் எல்எல்பியா, பிரைவேட் லிமிடெட்டா? எல்எல்பியில் வருஷ வியாபாரம் 40 லட்சமும் முதலீடு 25 லட்சமும் தாண்டாதவரை எல்எல்பி சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. கம்பெனியில் ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆடிட்டர் கையெழுத்து வேண்டும். வரியைப் பொறுத்தவரை எல்எல்பிக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. கம்பெனி சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம் வரும். லாபம் சிறிதாக இருக்கும் வருஷங்களில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. எல்எல்பியில் 12 லட்சம் லாபம் என்றால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பட்சத்தில், முதல் 6 லட்சத்தில் 90 சதவீதமும் மீதியில் 60 சதவீதமும், ஆக 9 லட்சம் வரை கூட்டாளிகளுக்குச் சம்பளமாகக் கழிக்கலாம். மீதி 3 லட்சத்துக்குத்தான் வரி. லாபத்தை வெளியே எடுக்காமல் மெஷினில் போட ஆரம்பிக்கும்போதுதான் கம்பெனி ஜெயிக்கிறது. நாளை வெளியார் முதலீடு வரும் என்றால் அதற்கும் பங்கு அமைப்புள்ள கம்பெனிதான் வசதி. உங்கள் திட்டத்துக்குப் பிரைவேட் லிமிடெட் பொருந்தும். மாமனார் பணத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது.

கம்பெனி தன் இஷ்டத்துக்குக் கைமாத்து வாங்க முடியாது. பொதுமக்களிடம் வாங்கினால் அது டெபாசிட், அதற்குப் பெரிய கட்டுப்பாடுகள் உண்டு. பிரைவேட் கம்பெனிக்கு விலக்கு உள்ள வழிகளில் உங்களுக்குப் பயன்படுபவை இரண்டு. டைரக்டரோ டைரக்டரின் உறவினரோ தன் சொந்தப் பணத்தைக் கொடுக்கலாம், "இது கடன் வாங்கிய பணம் அல்ல" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அல்லது பங்குதாரர் கொடுக்கலாம், பங்குக்காக உண்மையில் கட்டிய மூலதனமும் ஒதுக்கு நிதியும் சேர்ந்த அளவு வரை.

கம்பெனிச் சட்டம் உறவினர் என்று ஏற்பது கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள், இவ்வளவுதான். சித்தப்பா, மாமன், மச்சான், பங்காளி யாரும் அதில் இல்லை. மருமகன் மாமனாருக்கு உறவு, மாமனார் மருமகனுக்கு உறவில்லை! வருமான வரிச் சட்டத்திலோ இதே மாமனார் உறவினர்தான், அவர் தரும் நன்கொடைக்கு உங்களுக்கு வரி கிடையாது. ஆகவே ஒன்றில் சரியாக இருப்பது மற்றொன்றில் தவறாகிவிடும்.

உங்கள் நிலையில் நான்கு வழிகள். ஒன்று, உங்கள் மனைவியையும் டைரக்டராக்குவது. அப்போது பணம் தருபவர் டைரக்டரின் தந்தை, விலக்கு கிடைத்துவிடும். ஆனால் மேலே சொன்ன வரிப் பொறுப்பெல்லாம் மனைவிக்கும் உண்டு என்பதைத் தெரிந்தே செய்யுங்கள், பேருக்கு டைரக்டர் என்று ஒரு பதவி சட்டத்தில் இல்லை. இரண்டு, மாமனாருக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்து, பங்குதாரர் கடனாக வாங்குவது. இதற்கு மூலதனம் குறைந்தது 10 லட்சம் இருக்க வேண்டும். மூன்று, அவர் மகளுக்கோ உங்களுக்கோ நன்கொடைப் பத்திரத்தோடு கொடுத்து, பெற்றவர் அதைக் கம்பெனிக்குக் கடனாகத் தருவது. அவர் உங்களுக்குக் கடனாகக் கொடுத்ததை நீங்கள் கம்பெனிக்குத் தந்தால் அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும். நான்கு, அவரே பத்து லட்சத்துக்கும் பங்கு வாங்குவது. அப்படிச் செய்தால் கேட்ட நேரத்தில் பணம் திரும்பாது. எனக்கு இரண்டாவது வழிதான் நல்லதாகப் படுகிறது. கூட்டாளி அத்தை மகனாக இல்லாமல் மனைவியின் உடன்பிறந்தவராக இருந்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, தந்தை மகனின் கம்பெனிக்குக் கொடுப்பதாகிவிடும்.

எந்த வழியானாலும் பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ஒவ்வொரு மார்ச் 31-ல் நிற்கும் இத்தகைய கடன்களை ஜூன் 30-க்குள் டிபிடி-3 படிவத்தில் காட்ட வேண்டும். மாமனார் சமாச்சாரம் குடும்பத்துக்குள் உள்ளதுதானே என்று விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

இப்போது பங்குப் பிரிப்பு. ஆளுக்குப் பாதி என்றால் கேட்க நன்றாக இருக்கும், முட்டிக்கொண்டால் கம்பெனி அசையாது. 51-49 என்றால் 51 வைத்திருப்பவர் சாதாரணத் தீர்மானத்தில் மற்றவரை டைரக்டர் பதவியிலிருந்து நீக்கிவிட முடியும். ஆர்டிகிள்ஸ் எனப்படும் கம்பெனியின் உள்விதிகளை மாற்றுவது, பெயர் மாற்றுவது போன்றவற்றுக்கு 75 சதவீத ஓட்டோடு சிறப்புத் தீர்மானம் வேண்டும், ஆகவே 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் தடுக்கலாம். மாமனாருக்கு 5 சதவீதமும் உங்கள் இருவருக்கும் 47.5 வீதமும் என்றால் முட்டுக்கட்டை தீரும், ஆனால் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை அத்தை மகன் யோசிக்காமல் இருக்க மாட்டார். இதைப் பதிவுக்கு முன்பே பேசிவிடுங்கள். ஒருவர் விலகினால் பங்கை யாருக்கு, எந்த மதிப்பில் விற்பது, ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு, யார் கையெழுத்தில் எவ்வளவு வரை செலவு என்பதை ஆர்டிகிள்ஸில் எழுதுங்கள். சட்டத்தோடு வரும் மாதிரி வாசகத்தை அப்படியே ஒட்டினால் இவற்றில் பலவற்றுக்கு உங்கள் வாய்ப்பேச்சுதான் மிஞ்சும், வாய்ப்பேச்சை கம்பெனிப் பதிவாளர் ஏற்பதில்லை.

மூலதனம் பற்றி ஒன்று. குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015-லேயே நீங்கிவிட்டது. இருந்தும் எல்லாரும் ஒரு லட்சம் என்று போட்டுவிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி பங்கு வெளியிடக்கூடிய உச்ச அளவு) 15 லட்சம் வரை பதிவு படிவத்துக்கு மத்திய அரசுக் கட்டணம் இல்லை, முத்திரைத் தீர்வை மட்டும் மூலதனத்தைப் பொறுத்து மாறும். பிறகு ஏற்றப் போனால் கட்டணம் தனி. உங்களுக்கு அங்கீகாரம் 15 லட்சம், கட்டிய மூலதனம் 10 லட்சம், மீதி 5 லட்சம் டைரக்டர் கடன் என்று வைப்பது நல்லது. பங்காகப் போட்டதைத் திரும்ப எடுப்பது கடினம், டைரக்டர் கடன் சுலபமாகத் திரும்பும்.

பதிவு வேலை சொல்லும் அளவுக்குக் கடினமில்லை. கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் ஸ்பைஸ் பிளஸ் என்ற ஒரே விண்ணப்பம். ஆய்வு செய்வது மத்திய பதிவு மையம். அவிநாசி கோயம்புத்தூர் பதிவாளர் எல்லையில் வருவதால் உங்கள் 21 இலக்கப் பதிவெண்ணில் டிஇசட் என்று வரும், சென்னைக்காரர்களுக்கு டிஎன். பின்னாளில் சென்னைக்கு அலுவலகத்தை மாற்றினால் பதிவாளர் எல்லை மாறும், மண்டல இயக்குநர் அனுமதி வேண்டும்.

முதல் வேலை டிஜிட்டல் கையெழுத்து, மூன்றாம் வகுப்பு. அதற்கு முன் உங்கள் பான், ஆதார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பானில் இனிஷியல் விரிந்து தகப்பனார் பெயர் கடைசியில் நிற்கும், ஆதாரில் ஒற்றை எழுத்து இனிஷியல் முன்னால் நிற்கும். படிவம் பானை வைத்துச் சரிபார்க்கும். இந்த ஒரு பொருத்தமின்மையில் சிக்கி நாட்கள் கழிவது நம் ஊரில் அதிகம். பானுக்கு ஏற்ப ஆதாரைத் திருத்திக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்தது பெயர். முதல் பாகத்தில் 1,000 ரூபாய் கட்டி இரண்டு பெயர் கேட்கலாம். கிடைத்தால் 20 நாட்களுக்கு ஒதுக்கப்படும், அதற்குள் இரண்டாம் பாகத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். குலதெய்வப் பெயரும் டெக்ஸ்டைல்ஸும் மட்டும் சேர்த்தால் பெரும்பாலும் திரும்பி வரும், அதே சாமி பெயரில் ஏற்கெனவே கம்பெனிகள் இருக்கும். ஒருமை பன்மை, இடைவெளி, புள்ளி மாற்றினால் வேறு பெயராகாது. நடுவில் நீங்களே உருவாக்கிய ஒரு சொல் இருக்கட்டும். டிரேட்மார்க் பதிவேட்டில் உடுப்புகளுக்கான 25-ஆம் வகுப்பையும் தேடுங்கள், பதிவான முத்திரையோடு மோதினால் பெயர் மறுக்கப்படும்.

இரண்டாம் பாகத்தில் நோக்கங்கள், மூலதனம், டைரக்டர் விவரம், அலுவலக முகவரி. டைரக்டர் எண் இல்லாத மூன்று பேர் வரை இதே படிவத்தில் வாங்கலாம். நோக்கத்தில் உற்பத்தி, ஜாப் ஒர்க், வாங்கி விற்பது, ஏற்றுமதி நான்கையும் எழுதுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கப் பிறகு சிறப்புத் தீர்மானம் வேண்டும். பான், டான் (வரிப் பிடித்தத்துக்கான எண்), பிஎஃப், ஈஎஸ்ஐ எண்கள் கூடவே வரும், ஜிஎஸ்டியும் கேட்கலாம். ஈஎஸ்ஐ 10 ஆள், பிஎஃப் 20 ஆள் என்ற வரம்பைத் தொட்டதும் கட்டத் தொடங்குங்கள். தையல் யூனிட்டில் பத்து பேர் என்பது முதல் மாதமே வந்துவிடும்.

முகவரிச் சான்றில்தான் இங்கே அதிகம் திரும்பி வருகிறது. தோட்டத்து ஷெட் என்றால் கதவு எண் இருக்காது, ஈபி இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், சொத்து வரி ரசீது சித்தப்பா பெயரில் இருக்கும். இணைப்பு யார் பெயரிலோ, சொத்து யார் பெயரிலோ, சம்மதக் கடிதம் அவர் கொடுத்ததாக இருக்க வேண்டும். பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நமக்கு ஈபி பில்லே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், ஆகவே புது ரீடிங் எடுத்த கையோடு விண்ணப்பியுங்கள். பெயர் மாற்றம் இழுக்கும் என்றால் இப்போதைக்கு வீட்டு முகவரியைப் பதிவு அலுவலகமாக வைத்து, ஷெட்டை ஜிஎஸ்டியில் கூடுதல் இடமாகச் சேர்க்கலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் நூல் வாங்க ஓடாதீர்கள். பங்குப் பணத்தை ஒவ்வொருவரும் தன் சொந்தக் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு அனுப்பி, 180 நாட்களுக்குள் தொழில் தொடக்க அறிவிப்பான ஐஎன்சி-20ஏ படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை தொழில் தொடங்கவும் கடன் வாங்கவும் கம்பெனிக்கு உரிமை இல்லை. ஆகவே மாமனார் பணமும் அதற்குப் பிறகுதான். தவறினால் கம்பெனிக்கு 50,000, டைரக்டருக்கு நாளொன்றுக்கு 1,000 வீதம் ஒரு லட்சம் வரை அபராதம். 30 நாட்களுக்குள் முதல் போர்டு கூட்டமும் ஆடிட்டர் நியமனமும், இரண்டு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழும். வாசலில் பெயர்ப்பலகை தமிழிலும் இருக்க வேண்டும், இது கம்பெனிச் சட்டத்தின் விதியே. ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணைக் கம்பெனியின் பானில் எடுக்க வேண்டும், உங்கள் பேரில் பழையது இருந்தாலும் உதவாது.

ஜனவரி முதல் மார்ச் வரை பதிவானால் கம்பெனிச் சட்டப்படி முதல் கணக்கை அடுத்த வருஷ மார்ச் 31 வரை நீட்டலாம், ஒரு வருஷத் தாக்கல் செலவு மிச்சம். வருமான வரி ரிட்டர்ன் மட்டும் அந்தக் குறுகிய காலத்துக்கும் உண்டு.

பிறகு வருஷா வருஷம் கணக்குகளுக்கான ஏஓசி-4, ஆண்டு விவரத்துக்கான எம்ஜிடி-7ஏ படிவங்கள். ஆண்டுக் கூட்டம் நடந்து முறையே 30, 60 நாட்களுக்குள். தாமதித்தால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் ஒரு வருஷம் மறந்தால் 73,000. தொடர்ந்து மூன்று வருஷம் விட்டால் டைரக்டர்கள் ஐந்து வருஷத்துக்குத் தகுதி இழப்பார்கள், வேறு கம்பெனியிலும் உட்கார முடியாது. ஆடிட்டர் கட்டணத்தோடு இதையும் ஆண்டுச் செலவில் முதலிலேயே எழுதுங்கள்.

கல்லாவிலிருந்து எடுக்கும் பழக்கத்தை இங்கேதான் நிறுத்த வேண்டும். தனி உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கம்பெனியில் அது டைரக்டருக்குக் கொடுத்த கடன், பொதுவாகத் தடை. வேறு கம்பெனி எதுவும் பங்கு வைத்திருக்காமல், வங்கி முதலானவற்றின் கடன் கட்டிய மூலதனத்தைப் போல் இரு மடங்குக்குள் இருந்து, கடன் தவணையும் தவறாமல் இருந்தால் மட்டும் விலக்கு. ஒரு லட்சம் மூலதனம் போட்டவர் இரண்டு லட்சம் லோனிலேயே இந்த விலக்கை இழந்துவிடுவார். விலக்கு இருந்தாலும் 10 சதவீதம் பங்கு உள்ளவர் எடுத்த கடனை, சேர்ந்த லாபம் இருக்கும் அளவுக்கு, டிவிடெண்டாகக் கருதி வரி போடலாம். ஆகவே போர்டு தீர்மானம் போட்டு மாதச் சம்பளம் எடுங்கள். அத்தை மகனின் ஷெட்டுக்கு வாடகை உண்டு என்றால் அதற்கும் ஒப்பந்தமும் வங்கி வழிப் பணமும் வேண்டும்.

தொழில் ஓடவில்லை என்றால் கதவைப் பூட்டிவிட்டுப் போக முடியாது, தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். பாக்கிகளைத் தீர்த்து, ஜிஎஸ்டியை ரத்து செய்து, நிலுவைப் படிவங்களை முடித்து, எஸ்டிகே-2 படிவத்தில் பெயர் நீக்கம் கேட்க வேண்டும். கட்டணம் 10,000. தொழிலே தொடங்காத கம்பெனியானால் ஒரு வருஷம் கழித்தும், நடத்தி நிறுத்தியதானால் இரண்டு வருஷம் சும்மா இருந்த பிறகும்தான் கேட்க முடியும். அந்த இரண்டு வருஷத்துக்கும் ஆடிட்டும் ஆண்டுத் தாக்கலும் உண்டு.